உள்பக்கத் தாழ்ப்பாள்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடுகிறது. போன வாரம் வந்தபோது நான் உட்கார்ந்து விழப் பார்த்தேன். பஸ் பாடி கட்டுகிற இவ்வளவு பெரிய பட்டறை, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பஸ் நிற்கிறது, வந்தவர்கள் உட்கார ஒரு நாற்காலியை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை. இப்படி என் பக்கத்தில் வாருங்கள். ஃபேனும் இந்த ஒன்றுதான் சுற்றுகிறது. மற்றது காட்சிக்கு.

ஸ்கூல் பஸ்ஸுக்கு வந்தீர்களா? நினைத்தேன். அந்த மஞ்சள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தீர்களே. டீச்சரா? ஓ, ஹெட்மிஸ்ட்ரஸா. பாருங்கள், அதுதான் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கோயம்புத்தூர் கான்வென்ட்டில் படித்தவள் நான். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நான் ஸ்கூல் பஸ்ஸுக்கு இல்லை. கோடியில் வெள்ளையாக ஒன்று நிற்கிறதே, அந்தக் கேரவனுக்கு. ஐயையோ, சினிமாக்காரர்கள் எல்லாம் இல்லை. பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறோம். நாரில் கயிறு திரிக்கிறவனுக்குக் கேரவன் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் மூன்று மாதமாக அதைத்தான் கேட்கிறேன்.

வேப்பமரத்தடியில் நீலக் கார் தெரிகிறதா? உள்ளே ஒருத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். பெயர் கனகசபை. மூன்று மாதமாகக் கேரவன் கேரவன் என்று என் உயிரை எடுத்தவர், அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்த வண்டிக்குள் ஏறினார். பின்பக்கம் வரைக்கும் போனார். இறங்கினார். "வேண்டாம் சுபத்ரா. கேன்சல் பண்ணிடலாம்" என்றார். போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டால், "பீரோ நல்லாத்தான் இருக்கு. வண்டி வேண்டாம்." இதற்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது சொல்லாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களுக்கு ஒரே பெண், மஞ்சரி. வைகாசியில் கல்யாணம், ஓசூரில். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தை அங்கேயே பிடித்துவிட்டார்கள். நிச்சயமும் அங்கேதான் நடந்தது, தை மாதம். எங்கள் பக்கத்து வழக்கம், சீர்த்தட்டோடு எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பஸ்ஸில் போய் இறங்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் முன்சீட்டில். அவரவர் காரில் வந்து அவரவர் இஷ்டத்துக்கு இறங்கினால் அது என்ன குடும்பம்? ஐம்பது பேர், ஐந்தரை மணி நேரப் பயணம். நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நடுவில் எங்கேயும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நாலு பேர் இறங்குவார்கள், ஏற நாற்பது நிமிஷம் ஆகும்.

எல்லாரும் ஏறியாயிற்று. இவர் படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார். "மில்லுல லோடு பிரச்சினை. நீங்க முன்னாடி போங்க. நான் பாத்து வர்றேன்." வரவே இல்லை. என் அண்ணன்தான் அவர் இடத்தில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றினான். மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க சம்பந்தி, பொண்ணோட அப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலீங்களா?" என்றாள். திரும்பி வரும்போது மஞ்சரி என் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்பாவுக்கு என் மேல என்னம்மா கோபம்?" நான் என்ன சொல்வேன்? அன்றைக்கு அவர் மில்லுக்குப் போகவே இல்லை, வாட்ச்மேன் சொன்னான்.

அடுத்த வாரமே, காபி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "கேரவன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கல்யாணத்துக்கு நாம ரெண்டு பேரும் அதுலயே போயிடலாம். அப்புறம் இந்தியா முழுக்கச் சுத்தலாம்" என்றார். இந்தியா முழுக்க. பக்கத்திலிருக்கிற பழனிக்கே இரண்டு வருஷமாக வராத மனுஷர்.

சரி, வாங்குவதென்று ஆனபிறகு ஒழுங்காகப் பார்த்து வாங்க வேண்டாமா? எனக்கு எதையும் முறையாகச் செய்தாக வேண்டும். இதோ பாருங்கள், நோட்டு. கோடு போட்டு மூன்று வண்டிக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். நீளம், இன்ஜின், படுக்கை, அடுப்பு, ஏ.சி. கடைசியில், அவர் சொன்ன குறை. அவர் எல்லாவற்றிலும் குறை சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தனி இடமே ஒதுக்கிவிட்டேன்.

முதலாவது, கோயம்புத்தூரில். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிற பழைய வண்டி. பதினோரு மீட்டர், லாரி சேஸிஸ், டீசலைக் குடிக்கும் என்று விற்கிறவரே சொன்னார். உள்ளே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி இருபது பல்பு. சோபாவில் பவுடர் வாசனையும் சிகரெட் வாசனையும். நான் அடுப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன், இவர் நேராகப் பின்னால் போய் அந்தக் கடைசிக் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார்.

எந்தக் கதவு என்று புரிகிறதில்லையா? நான் அந்த வார்த்தையை வாயால் சொல்ல மாட்டேன். எங்கள் சிஸ்டர் பெனடிக்டா அப்படித்தான் பழக்கினார். வகுப்பில் அவசரமென்றால் சுண்டுவிரல்கூடக் காட்டக் கூடாது. எழுந்து நின்று, மே ஐ பி எக்ஸ்க்யூஸ்ட். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தரம். இரண்டாம் தரம் கேட்டால் ஸ்கர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கஷ்டம்தான், ஆனால் ஒரு கட்டுப்பாடு வந்தது பாருங்கள். என் வீட்டிலும் அதே சட்டம்தான். இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஹோமம் நடக்கிறது, இவர் நடுவில் இரண்டு தடவை எழுந்து போகிறார். எனக்கு மானம் போயிற்று. திரும்பி வந்து உட்காரும்போது சொன்னேன், "எல்.கே.ஜி. பையன்கூட ஒரு மணி நேரம் அடங்கி உட்காருவான்." பந்தலே சிரித்தது. ஐயர்கூடச் சிரித்தார். இவரும்தான் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு, எல்லாரும் சொல்வார்கள்.

எங்கே விட்டேன்? ஆம், கடைசிக் கதவு. அங்கே நின்றுகொண்டு வண்டிக்காரரைக் கேட்கிறார், "ஏனுங்க, வண்டி ஓடிட்டிருக்கிறப்பவே இதை உபயோகப்படுத்தலாமுங்களா?"

"இல்லீங்க சார். நிப்பாட்டித்தான். ஓடறப்ப தண்ணி மோட்டார் எடுக்காதுங்க."

"அப்ப இது வேண்டாங்க."

இன்ஜினைப் பார்க்கவில்லை. டயரைப் பார்க்கவில்லை. வந்துவிட்டார்.

இரண்டாவது, பெங்களூரில். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூர் போய்ச் சேருவதற்குள் ஒன்பது டீ. எண்ணினேன். எந்த ஊரில் கடையைப் பார்த்தாலும் காரை ஓரங்கட்டுவார். "ஒரு டீ சாப்பிட்டுப் போலாம்." டீயை வாங்கி பெஞ்சில் வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் நடந்துவிட்டு வருவார். வந்து அந்த டீயைக் கீழே ஊற்றுவார். காருக்குள்ளிருந்து பக்கத்துக் கண்ணாடியில் நானே பார்த்தேன். "குடிக்காத டீக்கு எதுக்குங்க நிறுத்தறீங்க?" என்றால், "சூடு பத்தலை." ஒன்பது கடையிலும் சூடு பத்தவில்லை. இன்றைக்குக் கரூர் வருகிற வழியிலும் இதே கதைதான். தாராபுரத்தில் ஒன்று, மூலனூரில் ஒன்று, சின்னதாராபுரத்தில் ஒன்று.

பெங்களூர் வண்டி இருக்கிறதே, அது வண்டியே இல்லை, பங்களா. பன்னிரண்டு மீட்டர், இன்ஜின் பின்பக்கம், முன்னால் உட்கார்ந்தால் டீசல் வண்டி என்றே தெரியாது. ஒரு பொத்தானை அமுக்கினால் சுவர் வெளியே நகர்ந்து ஹால் அகலமாகிறது. ரொட்டி சுடுகிற அவன் உண்டு, இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் உண்டு. நான் அதிலேயே குடியேறிவிடத் தயார். இவர்? அதே கடைசிக் கதவு. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு குரல் கொடுக்கிறார், "சுபத்ரா, வெளியில ஏதாச்சும் கேக்குதா?" கம்பெனிக்காரன் டை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அடுத்த நிமிஷம் விமானம் கிளம்புகிற மாதிரி ஓர் உறுமல். "வாக்குவம் மேடம், காத்துலயே உறிஞ்சிடும், எல்லாமே இம்போர்ட்டட்" என்கிறான் அவன் பெருமையாக. இவர் வெளியே வந்தார், முகம் செத்திருந்தது.

"இது மண்டப வாசல்ல நின்னா அத்தனை பேருக்கும் கேக்கும்."

"என்னங்க கேக்கும்?"

"ஒண்ணுமில்லை. வா, போலாம்."

அவனை விட்டுவிட்டு வந்தேன். அவன் என்றால் அந்த அடுப்பு. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மூன்றாவது இது. பத்து மீட்டர்தான். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வேண்டாமென்று விட்டுப்போன வண்டி. டேங்க் பெரிது, ஏ.சி. சுமார், படுக்கை இரண்டே இரண்டு. ஒற்றை அடுப்பு, அதில் நான் ரசம் வைத்தால் சாதம் வைக்க முடியாது. ஒரு விசேஷமும் இல்லாத வண்டி. இவர் அந்தக் கடைசிக் கதவுக்குள் போனார், வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தவர் முகத்தில் சிரிப்பு, டீச்சர். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். "இது போதும் சுபத்ரா" என்றார். மேஸ்திரி நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, "பிடிச்சுக்க ஒரு கம்பி வைங்க. உள்பக்கத் தாழ்ப்பாள் நல்லாக் கனமாப் போடுங்க. வெளியிலிருந்து யாரும் தள்ளித் திறந்துடக் கூடாது" என்றார்.

வெளியிலிருந்து யார் திறப்பார்கள்? அந்த வண்டியில் அவரைத் தவிர இருக்கப் போவது நான் ஒருத்திதானே.

அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, என் அண்ணனிடம்கூட. நீங்கள் இன்றைக்குப் பார்த்து நாளைக்கு மறந்துவிடுவீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு வருஷமாக அவர் மாடியில் என்னோடு படுப்பதில்லை. கீழே முன்னறையில் தனியாக. "நான் குறட்டை விடறேன், நீ தூங்கு" என்கிறார். எனக்குத் தெரியாத குறட்டையா? நான் கொடுக்கிற மோரைத் தொடுவதில்லை. ரசத்தைத் தொடுவதில்லை. ராத்திரியானால் ஒரு மாத்திரை, என்னவென்றால் வைட்டமின். எங்கேயும் என்னோடு வருவதில்லை. இப்போது தனியாக ஒரு வண்டி, அதில் படுக்கை, அடுப்பு, உள்ளிருந்து கனமாக ஒரு தாழ்ப்பாள். இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். பெண் கல்யாணம் முடிந்த மறுநாள் இந்த மனுஷர் என்னை வீட்டில் விட்டுவிட்டு இந்த வண்டியில் குடிபோகப் போகிறார். இந்தியா முழுக்கச் சுற்றப் போவது அவர் மட்டும்தான். எனக்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம்.

அழவில்லை, தூசு. இந்தப் பட்டறையில் பட்டி தேய்க்கிற தூசு.

அதனால் ஒரு காரியம் செய்தேன். போன வாரம் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக இங்கே வந்தேன். மேஸ்திரியிடம், அந்தக் கடைசி அறையையே எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் புடவை தொங்கவிட ஒரு பீரோ அடியுங்கள், மேலே சாமி படம் வைக்க ஒரு தட்டு என்றேன். அவருக்கு இஷ்டமே இல்லை. "ஏனுங்கம்மா, சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு" என்று இழுத்தார். சாருக்குத் தெரியும் என்றேன். பொய்தான். நீங்களே யோசியுங்கள், அது இல்லாத வண்டியில் ஒரு மனுஷன் எத்தனை நாள் குடியிருப்பான்? விடிந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? என் மூளையைப் பார்த்தீர்களா?

பீரோ அழகாக வந்திருக்கிறது. தேக்கு மாதிரியே பாலிஷ். அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டு இறங்கினார். கத்தவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். "அப்ப கல்யாணத்துக்கு எப்படி வருவீங்க?" என்றேன். என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க எல்லாம் பஸ்ஸில முன்னாடி போங்க. நான் பாத்து வர்றேன்."

அதே வார்த்தை. நிச்சயத்தன்று சொன்ன அதே வார்த்தை. வர மாட்டார். மஞ்சரி மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், தாரை வார்க்க என் அண்ணன் வந்து நிற்பான். அந்த ஓசூர்க்காரி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

என்ன? நோட்டா? பாருங்களேன், தாராளமாக. எதைப் படிக்க வேண்டும்? கடைசி வரியா? அவர் சொன்ன குறை. கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது, இருங்கள், போட்டுக்கொள்கிறேன்.

கோவை வண்டி: ஓடும்போது உபயோகிக்க முடியாது.

பெங்களூர் வண்டி: சத்தம் வெளியே கேட்கும்.

கரூர் வண்டி: குறை ஒன்றும் இல்லை. உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் கனமாக வேண்டும்.

இதுதான். இதில் என்ன இருக்கிறது? மூன்றிலும் அந்த அறையைத் தவிர அந்த மனுஷர்...

இருங்கள்.

ஒன்பது டீ.

இருங்கள் டீச்சர், பேசாதீர்கள். மோர் வேண்டாம், ரசம் வேண்டாம். ஒரு வருஷமாகத் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கத்தில் வைத்தால் நகர்த்தி வைக்கிறார். கீழ் முன்னறை. அதை ஒட்டித்தானே அந்த, அதுதானே இருக்கிறது. மாடியில் என்றால் ராத்திரி நாலு தரம் என்னைத் தாண்டிப் போக வேண்டும். அந்த மாத்திரை. நான் அட்டையைத் திருப்பிப் பெயர்கூடப் பார்க்கவில்லை, வைட்டமின் என்றார், சரியென்று விட்டுவிட்டேன். நிச்சயத்தன்று பஸ் படியில் ஒரு காலை வைத்து உள்ளே பார்த்தாரே, ஐம்பது முகம். நடுவில் எங்கேயும் நிறுத்தக் கூடாது என்று நான் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

ஹோமத்தில் இரண்டு தடவை எழுந்து போனார். எல்.கே.ஜி. பையன் என்றேன். அதற்கப்புறம் அவர் ஒரு விசேஷத்துக்கும் வரவில்லை. பழனிக்கு வரவில்லை. எண்ணிப் பார்த்தால் அன்றையிலிருந்துதான்.

ஆண்களுக்கு இந்த வயதில் வருமாமே. உங்கள் வீட்டுக்காரருக்கும் வந்ததா? எத்தனை வயதில்? ஆபரேஷனா? இப்போது நன்றாக இருக்கிறாரா? பாருங்கள், உங்களிடம் சொல்லியிருக்கிறார். இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இப்படி இருக்கிறது சுபத்ரா என்று. ஒரு வார்த்தை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸை வாங்குகிற மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

என்ன டீச்சர்? எல்.கே.ஜி.யா?

சரி. சரி, புரிகிறது.

இப்போது போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டி, எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னால் அந்த மனுஷர் அங்கேயே பொசுங்கிப் போவார். இருபத்தேழு வருஷமாகப் பார்க்கிறேன், அது எனக்குத் தெரியும். அப்புறம் வண்டியும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்பார். வேறு வழி பண்ண வேண்டும். கார்க் கண்ணாடி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா பாருங்கள். வெயில் ஏறிவிட்டது, இறக்கியிருப்பார். இறக்கிவிட்டாரா? நல்லது.

இந்த ஜன்னல் கொக்கியைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். துருப்பிடித்துக் கிடக்கிறது. உம், வந்துவிட்டது.

"மேஸ்திரி! நாச்சிமுத்து மேஸ்திரி! இங்க கொஞ்சம் பாருங்க. அந்த வெல்டிங்கை நிறுத்தச் சொல்லுங்க, எனக்குத் தொண்டை இல்லை. அந்தப் பீரோவை எடுத்துடுங்க. எடுத்துட்டு, அந்தக் கக்கூஸை மறுபடி அங்கயே வைங்க."

எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

"ஏன்னா எனக்கு வேணும். ஆமா, எனக்குத்தான். எனக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்க மேஸ்திரி, வயசாகுதில்ல, அடக்க முடியறதில்லை. சார்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டுப் பீரோ கேட்டுட்டேன். அது இல்லாம ஓசூர் வரைக்கும் நான் போக முடியாது. குடோன்லயே இருக்குதா? அப்ப வைங்க. அந்தத் தாழ்ப்பாள், சார் சொன்ன மாதிரியே, நல்லாக் கனமா. பத்து நாள்ல எனக்கு வண்டி வேணும்."

சிஸ்டர் பெனடிக்டா கேட்டிருந்தால் ஆயிரம் தடவை எழுதச் சொல்லியிருப்பார்.

கார்க் கதவு திறக்கிறதா? நான் பார்க்கவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். இறங்கிவிட்டாரா? இங்கே பார்க்கிறாரா? என்ன முகம்? சிரிப்பா? சிரிப்பில்லையா? சரி, அது போகட்டும். எந்தப் பக்கம் நடக்கிறார்? வண்டிக்கா, மேஸ்திரியிடமா?

பட்டறைக்குப் பின்னாலா?

போகட்டும். போய்விட்டு வரட்டும். அரை மணி நேரத்துக்கு மேலாகக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், பாவம். நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள் டீச்சர். இப்படித் திரும்பி உட்காருங்கள், நானும் திரும்பிக்கொள்கிறேன். உங்கள் ஸ்கூல் பஸ்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை சீட்டு?